நட்சத்திரத்துக்குப் போனவரின் மனைவி

சென்ற மாதம் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். நிலையத்துக்கு ஏதோ ஆண்டு விழாவாம். அந்தக் காலத்தில் தமிழில் வந்த விஞ்ஞானக் கதை நாடகம் ஒன்றைப் பற்றி நிகழ்ச்சி செய்யப் போகிறார்களாம்.

"சார், 'போனவர்' எபிசோட் டேப் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க."

"டேப் எப்படிம்மா இருக்கும்? அது லைவ். கேமராவுல போச்சு, வீட்டுல தெரிஞ்சுது, அதோட சரி."

"அப்ப தப்பு வந்தா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டார்.

"தப்போட போவும்."

நடிகர்கள் பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தார். வாசித்துக் காட்டினார். அதில் இருந்த ஒருவர், நாடகம் ஒளிபரப்பான வருடத்தில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தவர். இன்னொருவர் நடிகரே அல்ல, எங்கள் ஓட்டுநர். "யாராவது எழுதி வச்சா நல்லாருக்கும் சார்," என்றார் அந்தப் பெண். முப்பது வருட அரசாங்க உத்தியோகத்தில் இந்த 'யாராவது' பலமுறை என் மேசைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். ஆகவே எழுதுகிறேன்.

மலேசியா என்ற பெயரே புதிதாக இருந்த காலம். அதற்குச் சில வருடங்கள் முன்புதான் சுதந்திரம் வந்திருந்தது. மலாக்காவை ஒட்டிய காஜா பேராங்கில் பிறந்து, மலாக்காவில் பள்ளி முடித்து, கோலாலம்பூர் வானொலியில் குமாஸ்தாவாக இருந்த என்னை, தொலைக்காட்சி தொடங்கியதும் அங்கே மாற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கற்பித்ததை ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். கற்பிக்காததைத்தான் பிறகு முப்பது வருடம் கற்றுக்கொண்டேன்.

என் வேலைக்குத் தள நிர்வாகி என்று பெயர். இயக்குநர் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே ஸ்டூடியோவில் நடப்பதை அவர் சின்னத் திரைகளில் பார்ப்பார். அவர் பேசுவது நடிகர்களுக்குக் கேட்காது. நான் மாட்டியிருக்கும் காதுக்கருவிக்கு மட்டும் கேட்கும். ஒளிபரப்பின்போது நான் வாய் திறக்கக் கூடாது. எல்லாம் கைச் சைகைதான். விரலை நீட்டினால் தொடங்கு. இரண்டு கையையும் இழுத்துக் காட்டினால் நீட்டிப் பேசு. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் முடி.

இந்தக் கடைசிச் சைகை எங்கள் மேடை நடிகர்களுக்குப் புதிது. புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த ஒருவர், ஒரு குடும்ப நாடகத்தில் மாமனாராக நடித்துக்கொண்டிருந்தபோது நான் கழுத்தில் கையை இழுத்ததைப் பார்த்தார். கதையில் அவருக்குச் சாவு கிடையாது. ஆனாலும் மேலிடத்து உத்தரவு என்று நினைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். மருமகளாக நடித்த பெண் நன்றாக அழுதார். நேயர்கள் பாராட்டினார்கள்.

எங்கள் தமிழ்ப் பகுதியின் தலைவர் திரு. சின்னத்துரை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிரம்பானில் வளர்ந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பில் எந்தக் குறிப்பை எழுதி அனுப்பினாலும், பிடிக்காவிட்டால் ஓரத்தில் பென்சிலால் "பேசவும்" என்று மட்டும் எழுதித் திருப்புவார். உடனே போகக் கூடாது. அவர் தேநீர் குடிக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். போனால், "வாரும், இரும்," என்பார். நமக்கும் ஒரு கோப்பை வரும். அவர் பேசி முடித்ததும் தன் சாசரை எடுத்துக் கோப்பையின் மேல் மூடி வைப்பார். அதன் பிறகு பேசினால் நீங்கள் சுவரோடு பேசுகிறீர்கள். எங்கள் பகுதியில் எந்த வழக்கும் அந்தச் சாசருக்கு மேல் போனதில்லை.

வாரத்துக்கு ஒரு தனிக் கதை, வாரத்துக்கு ஒரு நடிகர் கூட்டம் என்று அரைமணி நேரத் தொடர் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் மாமியார், மருமகள், குடிகாரக் கணவன். இயக்குநர் மணியத்துக்கு அது அலுத்துப் போயிற்று. பேப்பரில் நாள்தோறும் ராக்கெட் செய்தி வந்துகொண்டிருந்த காலம். அவரே ஒரு கதை எழுதினார். விண்வெளி வீரர் ஒருவர் தூரத்து நட்சத்திரத்துக்குப் போகிறார். கலம் காணாமல் போகிறது. அதிகாரிகள் வீட்டுக்கு வந்து அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கிறார்கள். மனைவி மீனாட்சி பொட்டை அழிக்கிறாள், வளையலை உடைக்கிறாள். நாற்பது வருடம் கழித்து அவர் திரும்பி வருகிறார். அவருக்கு அதிக வயது ஆகவில்லை. அவ்வளவு வேகத்தில் போனால் காலம் மெதுவாக ஓடுமாம். மனைவி கிழவி. "உன் பொட்டு எங்கே?" என்று அவர் கேட்கிறார். அவள் நடந்ததைச் சொல்லிவிட்டு, "என் புருஷன் போயிட்டாரு, நீங்க யாரோ" என்று கதவைச் சாத்துகிறாள். இதுதான் 'போனவர்'.

விண்கலம் செய்ய எங்களுக்குக் கொடுத்த பொருள்கள்: முட்டை அட்டைகள், பால்மாவு டின்கள், வெள்ளி வர்ணம். விண்வெளி உடைக்கு ஒரு மழைக்கோட்டு, தோட்டத்தில் போடும் ரப்பர் பூட்ஸ். வானத்துக்குக் கறுப்புத் துணியில் ஓட்டை போட்டுப் பின்னால் விளக்கு வைத்தோம். விளக்கைத் தேடிப் பூச்சி வந்தது, பூச்சியைத் தேடிப் பல்லி வந்தது. அது நட்சத்திரங்களுக்குக் குறுக்கே ஓடும்போதெல்லாம் மணியம் மாடியிலிருந்து என் காதில் கத்துவார். பல்லிக்குக் காதுக்கருவி கிடையாது.

நடிகர்களை நான்தான் கொண்டுவந்தேன். காஜா பேராங்கில் கோயில் திருவிழாக்களில் நாடகம் போடும் குழு ஒன்று இருந்தது. அதில் இருவர். விண்வெளி வீரராக நடித்த முத்துசாமி, சுங்க இலாகாவில் குமாஸ்தா. வசனத்தைச் சட்டப் புத்தகம்போல மனப்பாடம் செய்பவர். எதிரில் நிற்பவர் ஒரு சொல்லை மாற்றினால் ஒத்திகையை நிறுத்தி, "அப்படி இல்லையே, எழுதியிருக்கறது வேறல்ல?" என்பார். மீனாட்சியாக நடித்தவர் தனலெட்சுமி. ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். அப்போது முப்பது வயது இருக்கும். தனம் என்று கூப்பிடுவோம். முத்துசாமியின் மனைவி துணைக்கு வர, மூவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கலத்தோடு பேசும் கட்டுப்பாட்டு நிலையத்தின் குரலுக்குச் செல்லையா என்ற வானொலி அறிவிப்பாளர். அவர் திரையில் தெரிய மாட்டார்.

முதல் ஒத்திகையிலேயே தடை வந்தது. அதிகாரிகளாக நடித்தவர்கள் வந்து போனார்கள். தனம் அசையாமல் நின்றார்.

"பொட்டை அழிக்கணும்மா," என்றார் மணியம். ஒத்திகையில் அவர் கீழே வந்து நிற்பார்.

"அது மட்டும் முடியாதுங்க சார்."

"முடியாதுன்னா? கதையே அதுதானே!"

"கதை நல்லாருக்கு. வேற ஆளு பாத்துக்கங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. துணிக்கடையில் 'அந்தக் கலர் இல்லைங்க' என்று சொல்வதுபோலச் சொன்னார். மணியம் தணிந்து வந்தார். கறுப்பு வெள்ளைத் திரையில் சிவப்புக் குங்குமம் மாநிற நெற்றியில் மங்கிப் போகும் என்பதால், எல்லோருக்கும் கண்மையால்தான் பொட்டு வைப்போம். அதைச் சுட்டிக்காட்டி, "இது குங்குமமே இல்ல, வெறும் மை," என்றார்.

"காஜா பேராங்கில பாக்கறவங்களுக்கு அது தெரியுமா சார்?"

ஒப்பனை செய்ய இருந்தவர் மலாய்க்காரப் பெண், காக் ரொக்கியா, அதாவது ரொக்கியா அக்கா. அரைகுறைத் தமிழ் தெரியும். "கை மட்டும் காட்டு லா. என் கையி குடுக்கறேன். நான் ஒடைக்கறேன் வளையல்," என்று தன் கையை நீட்டினார். பெருந்தன்மையான யோசனை. தனம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கை உங்களுது காக், மூஞ்சி என்னுதாச்சே."

நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். ஓரத்தில் "பேசவும்" என்று திரும்பி வந்தது. தேநீர் நேரத்தில் தனத்தை அழைத்துக்கொண்டு போனேன். மணியமும் வந்தார்.

"இரும் பிள்ளை," என்றார் சின்னத்துரை. "என்ன கரைச்சல்?"

தனம் கோப்பையைத் தொடாமல் சொன்னார். அவர் கணவர் கோவிந்தன், சிங்கப்பூரிலிருந்து போகும் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் கரைக்கு இறங்கினார், கப்பலுக்குத் திரும்பவில்லை. கம்பெனிக்கு அதற்கு மேல் தெரியாது. வருடங்கள் ஓடிவிட்டன. கோவிந்தனின் தங்கை ரெங்கம்மாவும் அந்த வீட்டுப் பெரியவர்களும், ஆன்மா அலையக் கூடாது, கருமாதி செய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தனம் அந்தச் சடங்கில் உட்கார மறுக்கிறார்.

"அவங்க கெட்டவங்க இல்ல சார். ரெங்கு அழுதுகிட்டேதான் கேக்குறா. ஆனா நான் இங்க பொட்டை அழிச்சா, பாலாய்ல ஊரே உக்காந்து பாக்கும். அண்ணியே அழிச்சிட்டாங்களே, அப்புறம் என்னன்னு அடுத்த வாரம் ஐயரைக் கூட்டிட்டு வந்துருவாங்க."

பாலாய் என்றால் ஊர்ப் பொது மண்டபம். அப்போது காஜா பேராங்கில் பெரும்பாலோருக்குத் தொலைக்காட்சி என்பது அங்கே இருந்த ஒரே பெட்டிதான்.

சின்னத்துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் உயிரோட இருக்கிறார் எண்டு நம்பிறீரோ?"

"தெரியாது சார். செத்துட்டாருன்னும் தெரியாது. தெரியாததை எப்படி நான் செய்யறது?"

மணியம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னத்துரை கையமர்த்தினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பொட்டு அழிக்கும் காட்சி வேண்டாம். அதிகாரிகள் வந்து சொல்வதோடு நிறுத்து. அப்புறம் முன்பே எடுத்து வைத்திருந்த ராக்கெட் பிலிம் ஓடும். பிலிம் ஓடும்போது தனத்தை வயதானவளாக மாற்ற வேண்டும். வீரர் திரும்பி வரும்போது அவளுக்கு வெள்ளைத் தலை, வெறும் நெற்றி. "எப்ப அழிச்சவ எண்டு ஆரும் பார்க்கத் தேவையில்லை. என்ன பிள்ளை?"

"பாக்குறேங்க சார்," என்றார் தனம்.

'பார்க்கிறேன்' என்றால் முடியாது என்பதை அரசாங்க அலுவலகத்தில் காலை வைத்த முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வோம். சின்னத்துரைக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. ஆனால் அவர் சாசரை எடுத்துக் கோப்பையின் மேல் வைத்துவிட்டார்.

ஒளிபரப்பு நாள் மாலை. நேரடி ஒளிபரப்பில் ஒரே ஒரு பாவம்தான் மன்னிக்க முடியாதது: திரை வெறுமையாவது. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டையைப் போட்டால் மறுநாள் அனைவரும் விளக்கம் எழுத வேண்டும். மற்ற பாவங்களுக்கெல்லாம் சின்னத்துரையின் சுற்றறிக்கைகள் இருந்தன. நாடகக் காட்சியில், நடிகர் அல்லாதவரின் உடம்பில் எந்தப் பாகமும் திரையில் தெரியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எங்கள் மின்பணியாளர் ஒருவரின் தொப்பை முந்தைய நாடகத்தில் கூடத்தைக் கடந்து போனதன் விளைவு அது.

முதல் பாதி ஒழுங்காகப் போயிற்று. முத்துசாமி எழுத்துப் பிசகாமல் நட்சத்திரத்துக்குப் புறப்பட்டார். செல்லையாவின் குரல் அவரைத் தேடி, கிடைக்காமல் அடங்கியது. அதிகாரிகள் மீனாட்சியிடம் வந்து சொன்னார்கள். தனத்தின் முகத்தைக் கேமரா நெருங்கியது. ராக்கெட் பிலிம் தொடங்கியது.

ரொக்கியா பாய்ந்து தனத்தின் தலைக்கு வெள்ளைப் பொடி போட்டார். கன்னத்தில் கோடு இழுத்தார். புடவை மாறியது. கடைசியாகப் பஞ்சை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனார். தனம் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "ஜாங்ஙான், காக்," என்றார் மெல்ல. வேண்டாம். ரொக்கியா என்னைப் பார்த்தார். நான் எதுவும் செய்வதற்குள் தனம் எழுந்து நடந்து, வாசல் கதவுக்குப் பின்னால் தன் இடத்தில் போய் நின்றுவிட்டார். மேடையில் வளர்ந்தவர், எந்த நொடியில் நுழைய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அந்தப் பொட்டு!" என் காதில் மணியத்தின் குரல் வெடித்தது. "அழிக்கச் சொல்லு! ஓடு! அழி!"

பிலிம் முடிந்துவிட்டது. கேமராவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. தனம் ஏற்கனவே கேமராவின் பார்வைக்குள் இருந்தார். நான் விரலை நீட்டினேன். தொடங்கு.

முத்துசாமி ரப்பர் பூட்ஸோடு வாசலுக்கு வந்தார். கதவு திறந்தது. அவர் "மீனா" என்றார். அடுத்த வரி "உன் பொட்டு எங்கே?" நெற்றியில் மை நாவற்பழம்போல எடுப்பாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். முத்துசாமி எழுதாததைப் பேசி நான் பார்த்ததே இல்லை. என் கை கழுத்துக்குப் போகலாமா என்று யோசித்தது. காதில் மணியம் கத்துவதை நிறுத்தியிருந்தார். மூச்சு மட்டும் கேட்டது. அடுத்தது வருந்தும் அட்டைதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"மீனா..." என்றார் முத்துசாமி மறுபடி. "நான் செத்துட்டேன்னு உன்கிட்ட யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க," என்றார் தனம். "ஆபீசருங்க வந்து சொன்னாங்க. சொந்தக்காரங்க வந்து சொன்னாங்க. எல்லாரும் சொன்னாங்க. நீங்க சொல்லலையே."

கேமராவைத் தள்ளுகிறவர் சீனர், தமிழ் தெரியாது. அவராகவே அவள் முகத்தை நோக்கி நகர்ந்தார். மணியம் அதைத் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எழுதியிருந்த வசனத்தையே தனம் பேசினார், ஆனால் ஒவ்வொரு வரியும் வேறு பொருளில் வந்தது. கடைசியில் கதவைச் சாத்த வேண்டிய இடம் வந்தது. சாத்தவில்லை. முத்துசாமியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"காலைக் கழுவிட்டு உள்ள வாங்க."

முத்துசாமி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். அது நடிப்பு என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அவர் உண்மையிலேயே அதை எப்படிக் கழற்றுவது என்றுதான் பார்த்தார். மாட்டும்போது இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மணியம் படத்தை வானத்துணிக்கு மாற்றினார். நட்சத்திரங்கள். பல்லி. முடிவு.

காஜா பேராங்கில் அன்று நடந்ததை என் அம்மா சொல்லித்தான் தெரியும். பாலாய் நிறைந்திருந்ததாம். பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்து மலாய் மட்டுமே பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், வெள்ளைத் தலைத் தனத்தையும் இளைஞர் முத்துசாமியையும் மாறி மாறிப் பார்த்து, "இத்து லாக்கி டியா கா, சூச்சு டியா?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார்: அது அவள் புருஷனா, பேரனா? எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். 'நீங்க சொல்லலையே' என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ரெங்கம்மா எழுந்து, யாரோடும் பேசாமல், வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் என் விளக்கக் குறிப்பு "பேசவும்" என்று திரும்பியது.

"வாரும், இரும். நெத்தியிலே பொட்டு இருந்ததைப் பார்த்தீரோ?"

"பார்த்தேன் சார்."

"மணியம் அழிக்கச் சொன்னது கேட்டதோ?"

"கேட்டுது சார்."

"பிறகு?"

"கேமரா தொறந்திருந்துச்சு சார். நான் கையை நீட்டினா என் கை திரையில தெரியும். நடிகர் அல்லாதவரோட எந்தப் பாகமும் தெரியக் கூடாதுன்னு நீங்க சுற்றறிக்கை விட்டிருக்கீங்க."

சின்னத்துரை நிதானமாகக் குடித்து முடித்தார். "அது நல்ல சுற்றறிக்கைதான்," என்றார். சாசரை மூடினார்.

இனி நடிகர்கள். தொலைபேசியில் அழைத்த பெண் கேட்டது அதைத்தானே. கட்டுப்பாட்டு நிலையத்தின் குரலாக விண்வெளியை நடுங்க வைத்த செல்லையா, பிற்பாடு அதே குரலில் இருமல் மருந்து விற்றார், நன்றாக விற்றது. முத்துசாமிக்கு அந்த ஒரு மாலையில் ஏதோ திறந்துகொண்டது. அதன் பிறகு எழுதியதை அவர் பேசியதே இல்லை. பல வருடங்கள் போலீஸ் இன்ஸ்பெக்டராகத் தொடர்ந்து நடித்து, உண்மையான போலீஸ்காரர்களே வணக்கம் வைக்கும் நிலைக்கு வந்து, உஜோங் பாசிரில் வீடு கட்டிக்கொண்டு ஓய்வு பெற்றார். மணியம் சிங்கப்பூருக்கு விளம்பரப் படம் எடுக்கப் போனார். பேட்டிகளில் 'போனவர்' முடிவைப் பற்றிக் கேட்டால், அந்த முடிவைப் பல நாள் யோசித்து எழுதியதாகச் சொல்வார். கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

தனத்துக்கு வேடங்கள் வந்தன. வெள்ளைத் தலை அவருக்கு அவ்வளவு பொருந்தியிருந்ததால், முப்பது வயதிலிருந்தே அம்மா வேடம்தான். ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுவார்: "அப்பா உயிரோட இருக்காருல்ல?" இல்லையென்றால் வர மாட்டார். அதனாலேயே எங்கள் நாடகங்களில் பல அப்பாக்கள் காரணமில்லாமல் உயிரோடு இருந்தார்கள். வெளியூரில் வேலை என்று ஒரு வரி எழுதிவிடுவோம். மற்ற நாள்களில் துணிக்கடைதான். ரெங்கம்மா சில மாதங்கள் அண்ணியோடு பேசவில்லை. பிறகு பேசினார். கருமாதிப் பேச்சு மட்டும் எடுக்கவில்லை; ஊரிலும் யாரும் எடுக்கவில்லை. தனத்தின் பதில் என்ன என்பதை ஊரே உட்கார்ந்து கேட்டிருந்தது.

நான் ஓய்வு பெற்றுக் காஜா பேராங்குக்குத் திரும்பியபோது தனம் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். கோவிந்தனைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. நெற்றிப் பொட்டு மட்டும் வயதோடு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. தலைக்குப் பொடி தேவைப்படாத வயதில், சென்ற வருடம், காய்ச்சலில் இரண்டு நாள் கிடந்து இறந்துபோனார்.

காலையில் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கூடாரம் போட்டு நாற்காலி வந்துவிட்டது, ஆனால் ஒன்றும் நகரவில்லை. காரியம் பார்க்கிறவர் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிவப்புப் புடவையா, வெள்ளையா? மஞ்சளும் குங்குமமும் உண்டா, இல்லையா? சுமங்கலி என்றால் ஒரு முறை, இல்லையென்றால் வேறு முறை. தனத்துக்குப் பிள்ளைகள் கிடையாது. முடிவு சொல்ல வேண்டியது ரெங்கம்மா. அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவரும் காலமாகிப் பத்து வருடம் ஆகியிருந்தது. வெறும் நெற்றியோடு, யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருந்தார்.

"இப்பல்லாம் யாரு இதப் பாக்குறா லா," என்றான் ரெங்கம்மாவின் மகன். "ஏதோ ஒண்ணு செய்யுங்க, லேட்டாவுது."

முத்துசாமி ஊன்றுகோலோடு டாக்ஸியில் வந்து இறங்கினார். நாற்காலிப் பக்கமிருந்து யாரோ, "டிவி புருஷன் வந்துட்டாரு, அவரையே பொட்டு வைக்கச் சொல்லுங்க," என்றார்.

முத்துசாமி திரும்பினார். "எவன்டா அவன்? வாய மூடு."

காரியக்காரர் என்னிடம் வந்தார். "சார், நீங்க கவர்மெண்டுல இருந்தவங்க. இந்த மாதிரி கேஸுக்கு என்ன ரூலு?"

தெரிந்ததைச் சொன்னேன். ஒருவர் காணாமல் போய்ப் பல வருடம் தகவல் இல்லையென்றால் நீதிமன்றத்தில் மனுச் செய்து இறந்தவராக அறிவிக்கக் கேட்கலாம். குடும்பத்தில் யாராவது கேட்க வேண்டும். கோவிந்தன் விஷயத்தில் யாரும் கேட்கவில்லை.

"அப்ப?"

"அப்ப அவரு செத்துட்டாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல."

"அது கோர்ட்டு சார். சடங்குக்கு என்ன செய்யறது?"

அதற்கு என்னிடம் சுற்றறிக்கை இல்லை. எல்லோரும் ரெங்கம்மாவைப் பார்த்தோம். இந்தக் கேள்விக்கு அவருடைய பதில் என்ன என்பது ஒரு காலத்தில் ஊருக்கே தெரியும். அழுதுகொண்டே கருமாதி செய்யக் கேட்டவர் அவர்தான்.

ரெங்கம்மா தரையில் கையை ஊன்றி எழுந்தார். அலமாரியைத் திறந்து, சிவப்பில் ஒரு கூறைப்புடவை எடுத்து வந்து பெண்களிடம் கொடுத்தார். சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தார். காரியக்காரர் பதறி, "அம்மா, நீங்க வைக்கக் கூடாது, வேற சுமங்கலி யாராச்சும்..." என்று தொடங்கினார்.

"எங்கண்ணன் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?" என்றார் ரெங்கம்மா.

காரியக்காரர் சொன்னது முறைதான். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ரெங்கம்மா குங்குமத்தைத் தொட்டு அண்ணியின் நெற்றியில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லை.

"சின்னதா வச்சா அண்ணிக்குப் பிடிக்காது," என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்து, அதைப் பெரிதாக்கினார்.